அங்கம்மா பெயர் கொடுக்காத படிவம்

கொழும்பு பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்கும் பெரிய வீதிக்கும் இடையில் பல்கலைக்கழகத்து மைதானம் கிடந்தது. அதன் ஓரத்துப் பாதையால்தான் அங்கம்மா தன் கணவர் அழகரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வாரம் இருமுறை கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போவாள். அவருக்குப் பாரிசவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது.

அங்கம்மாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். கொழும்பில் மூன்று வீடுகளுக்குச் சமைத்தாள். நான் பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தாதி. படுக்கைப்புண் வராமல் அவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டும் விதத்தை அவளுக்கு ஒரு தடவைதான் காட்டினேன். அது போதுமாக இருந்தது.

1997இல் மைதானத்தை ஸ்டேடியமாகப் பெருப்பிக்கப் போவதாகக் கடிதம் வந்தது. பாதை மூடப்படும். சுவரில் ஒரு கேட் வைத்து ஒழுங்கைக்காரருக்குப் பாஸ் கொடுப்பார்கள். அதற்காக மக்கீன் என்ற உத்தியோகத்தர் படிவத்தோடு வீடு வீடாக வந்தார். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டார்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் பெயர்ப் பட்டியல் என்றாலே தமிழர்களான எங்களுக்குப் பொலிஸ்தான். முந்திய வருடச் சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை அந்த மைதானத்தில்தான் இருத்தி வைத்திருந்தார்கள்.

"இனி மைதானம் விளையாட்டுக்கு மட்டும்தான்," என்றார் மக்கீன்.

"அதை எழுதித் தாருங்கோ," என்றார் முன்வீட்டுத் தில்லைநாதன்.

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

"எங்கட பேரை எழுத மட்டும் அதிகாரம் இருக்கோ?"

ஒவ்வொரு வீடும் ஆட்களைக் குறைத்துச் சொன்னது. அங்கம்மா அழகரின் பெயரை மட்டும் சொன்னாள். அவளுடைய பிறப்பைத் தோட்டத்தில் பதியவில்லை, அடையாள அட்டையும் இல்லை. அதனால் எந்தப் பட்டியலுக்கும் அவள் பெயர் கொடுப்பதில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் செய்தது சரியென்றே நினைத்தேன்.

ஆறு மாதத்தில் பாஸ் வந்தது. 'அழகர், ஒருவர்.'

கேட்டில் நின்ற காவலாளி நாற்காலியை விட்டான், தள்ளியவளை விடவில்லை.

"அவரே எந்திரிச்சு நடந்தா நான் எதுக்குங்க?" என்று அரைகுறைச் சிங்களத்தில் கேட்டாள். அவன் சிரித்தான். ஆனாலும் விடவில்லை. பெயரைச் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்குப் போனால் அங்கே அடையாள அட்டை கேட்டார்கள். அன்று மக்கீனிடம் வாயால் சொல்லியிருந்தாலே போதும்.

அதன்பிறகு உள்ளே நாற்காலியை நான் தள்ளினேன். எனக்குப் பாஸ் இருந்தது. அவள் நாற்காலி போக முடியாத கால்வாய்க் கரையால் சுற்றி ஓடிவந்து மறுபக்கத்தில் பிடித்துக்கொள்வாள்.

அடுத்த வருடம் ஒரு விடியற்காலை பொலிஸும் இராணுவமும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அட்டை இல்லாத அங்கம்மாவையும் கொண்டுபோனார்கள். அதே கேட்டால்தான். யாரும் பாஸ் கேட்கவில்லை.

அன்று கிளினிக் நாள். அழகரின் காலில் இருந்த புண் ஒன்றுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. நான் தள்ளிக்கொண்டு போனேன். காவலாளி பாஸைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தான். புதிய சீமெந்துப் படிகளில் வரிசை வரிசையாக ஆட்களை இருத்தியிருந்தார்கள். மூன்றாவது படியில் அங்கம்மா. அழகர் வலது கையைத் தூக்கினார்.

"மிஸ், எடது பக்கம் சாய விட்டுறாதீங்க," என்று அங்கிருந்து சத்தமாகச் சொன்னாள். சிப்பாய் அவளை இருக்கச் சொன்னான். நாற்காலியின் இடது பக்கத்தில் ஒரு துவாயைச் செருகிவிட்டு நான் தொடர்ந்து தள்ளினேன்.

மறுநாள் பின்னேரம், அவள் சமைக்கும் வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பேற்ற பிறகு அவளை விட்டார்கள். வந்தவள் தேத்தண்ணியைத் தொடாமல் அழகரின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

"செவந்திருக்குங்களே, மிஸ்."

"அது முந்தி ஆஸ்பத்திரியில வந்த புண்ணின்ர பழைய தழும்பு. நேரத்துக்குப் புரட்டினனான்."

விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சட்டையை இறக்கினாள்.

"இனிமே எவன் படிவம் கொண்டாந்தாலும் எம்பேரையும் எழுதச் சொல்லுங்க," என்றாள். "குடுக்காட்டியும் கூட்டிக்கிட்டுத்தான் போறாங்க. குடுத்தா இவரயாச்சும் நானே தள்ளிக்கிட்டுப் போவேன்."