தீனிக் கொல்லை

பால் பிடித்த கம்புக் கதிரைக் கசக்கினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் பச்சை வாசனையைப் பலரும் விரும்புவார்கள். எண்பதுகளில் வெள்ளானூரில் வளர்ந்த எனக்கு அது பிடிக்காது. ஏரிக்கு அப்பால் இருந்த எங்கள் மேட்டு நிலத்தில் நைனா ஆடி மழைக்குக் கம்பும் காராமணியும் விதைப்பார், அறுப்பதற்கு அல்ல, கௌதாரியும் காடையும் முயலும் வந்து மேய்வதற்கு. ஊரார் அதைத் "தீனிக் கொல்லை" என்றார்கள். கதிர் முற்றியதும் பட்டணத்து மர வியாபாரி ஒருவர் நண்பர்களோடு ஜீப்பில் வந்து சுடுவார். வேட்டைக்குத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தம் மரக்கிடங்கில் வேலை போட்டுத் தருவதாக அவர் சொன்ன சொல்லை நம்பி நைனா வருடந்தோறும் விதைத்தார்.

காவலுக்கு இருந்தவள் நைனாவின் தங்கை, என் வள்ளி அத்தை. கணவன் விட்டுப் போனதால் எங்கள் வீட்டுக்கே திரும்பியவள். ஆடுகளை விரட்டிக்கொண்டும், பறவைகளுக்குச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், முயல் பதுங்கும் முட்புதரை விறகுக்கு வெட்ட வருபவர்களோடு சண்டை பிடித்துக்கொண்டும் பொழுது சாயும்வரை அங்கேயே கிடப்பாள். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், போகட்டுமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் நைனாவிடம் ஒரே பதில்தான்: "ரயிலேறிப் போயி நீ இன்னா சம்பாரிக்கப் போறே? கொல்லைய யாரு பாத்துக்கறது?"

ஓர் ஐப்பசியில், ஜீப் வருவதற்கு முந்தின நாள், நைனா செங்குன்றம் போயிருந்த நேரத்தில் அத்தை வேலிப்படலைத் திறந்தாள். கரையில் மந்தை ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "உள்ள ஓட்டிக்கினு வா அண்ணாத்தே" என்றாள்.

"உங்க அண்ணன் இன்னா சொல்லுவாரோ."

"சொல்றத நான் வாங்கிக்கறேன்."

கௌதாரிகள் சடசடவென்று எழுந்து பறந்தன. மாலைக்குள் தட்டைகூட மிஞ்சவில்லை. நான் பயத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் வந்தவர்கள் ஜீப்பை விட்டு இறங்காமலே திரும்பினார்கள். நைனா அத்தையை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என் வேலையும் போச்சு" என்றார்.

"அந்த வேல எப்பண்ணா இருந்துச்சு?" என்றாள் அத்தை, மெதுவாக. திங்கட்கிழமை ஆவடிக்கு நடந்துபோய் ரயிலேறிவிட்டாள்.

அடுத்த ஆடியிலும் நைனா விதைத்தார். "வருவாரு, சொல்லி அனுப்பிச்சிருக்கேன்" என்றார். காவலுக்காக என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. "இந்த ஒரு போகம்தான் கண்ணு" என்று அம்மா தலையைத் தடவினாள். வியாபாரி பிறகு வரவேயில்லை. ஆனாலும் யாரும் சுடப்போகாத பறவைகளுக்காக, எனக்குக் கல்யாணம் ஆகும்வரை, போகத்துக்குப் போகம் நான் ஆடு விரட்டினேன்.

இப்போது கொல்லையும் இல்லை, புதரும் இல்லை. நிலம் மனைகளாகி வரிசையாக மாடி வீடுகள் நிற்கின்றன. கௌதாரி கூவிக் கேட்டுப் பல வருடங்களாகின்றன. அத்தை அம்பத்தூரிலேயே தங்கி, தைத்தே ஒரு வீடும் கட்டிக்கொண்டாள். நான் அந்த மாடி வீடுகளுள் ஒன்றில் குடியிருக்கிறேன். வேலைக்கென்று ஒருநாளும் ரயிலேறியதில்லை.