பின் சீட்டைப் பார்த்துச் சொல்பவர்

காலணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, என் காரின் பின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி மோந்துகொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தன. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியும் தலை வெளியே வரவில்லை.

“தண்ணி ஏறின வண்டி இல்ல,” என்று குரல் மட்டும் வந்தது. “காபி கொட்டியிருக்கு. முன்னாடி கொட்டி, பின்னாடி வழிஞ்சிருக்கு. ஆறேழு மாசம் இருக்கும்.”

எட்டு மாதம். இருந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காபியை நானே மறந்து போயிருந்தேன்.

கார் கம்பெனியின் மதிப்பீட்டாளர் அவர். ஐம்பத்தெட்டு வயது. ஷோரூமில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ‘மூக்கண்ணன்’. சின்ன வண்டி வாங்கி ஐந்து வருடம் ஆனவர்களின் பட்டியல் மாதா மாதம் அவர் கைக்கு வரும். வீடு வீடாகப் போய்ப் பழைய வண்டியைப் பார்த்து, மாற்றிக்கொண்டால் என்ன தேறும் என்று சொல்வது வெளியே தெரிகிற வேலை. தெரியாத வேலை, படிவத்தின் அடியில் இருக்கிற ஒரு கட்டம். இந்த வண்டிக்காரர் கம்பெனியின் புதிய, பெரிய, விலை உயர்ந்த செடானுக்கு மாறுவாரா, மாட்டாரா? வண்டிக்காரரைக் கேட்டு எழுத வேண்டியது அது. இவர் கேட்பதே இல்லை.

“கேட்டா எல்லாரும் ‘பார்க்கலாம்’னுதான் சொல்வாங்க சார். மனுஷன் வாயை வச்சு என்னத்த எழுதறது? பின் சீட்டைப் பார்த்தா போதும்.”

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துத் தையலோரம் முழுக்க அடித்துப் பார்ப்பார். உள்ளங்கையை மூன்று இடத்தில் வைத்து அழுத்துவார். கதவின் உள்கைப்பிடியைத் தடவுவார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, பாதிக்கு மேல் புத்தம் புதிதாக இருந்தால் நாக்கைத் தட்டுவார். முன் சீட்டு எவ்வளவு ஓடிய வண்டி என்று சொல்லுமாம், பின் சீட்டு இனி என்ன வாங்குவார்கள் என்று சொல்லுமாம்.

“அந்தப் பெரிய வண்டி இருக்கே, அது ஓட்டறவனுக்காகச் செஞ்சது இல்ல சார். பின்னாடி உட்கார்றவங்களுக்காகச் செஞ்சது. காலை நீட்டலாம், முதுகைச் சாய்க்கலாம், ஜன்னலுக்குத் திரை போட்டுக்கலாம். பின்னாடி உட்கார ஒரு ஆள் இருந்தாத்தான் அதுக்கு மனசு போகும்.”

மூன்று கடை வைத்திருக்கும் ஒருவரின் வண்டியில் பின் சீட்டு பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் இருந்ததாம். ‘மாட்டார்’ என்று எழுதிவிட்டு வந்தார். விற்பனைப் பிரிவு நம்பாமல் நாலு மாதம் அந்த மனிதரின் பின்னால் அலைந்து ஓய்ந்தது. அதே வாரம் ஒரு குமாஸ்தாவின் வண்டி. பின் சீட்டு குழி விழுந்து, பிஸ்கட் தூளும் கிரேயான் கிறுக்கலுமாக இருந்தது. ‘மாறுவார்’ என்று எழுதினார். மேனேஜர் சிரித்தார். இரண்டு மாதம் கழித்துக் குமாஸ்தா தன் அப்பா, அம்மா, மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஷோரூமுக்கு வந்து, செடானின் பின் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டாராம். இதைச் சொல்லும்போது மூக்கண்ணனுக்கு முகம் கொள்ளாத பெருமை.

என் வண்டியின் பின் சீட்டையும் அழுத்தினார். படிவத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘மாட்டார்’.

எனக்குச் சுருக்கென்றது. பெரிய வண்டி வாங்கும் எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. அதை இன்னொருவர் எழுதி வைப்பது வேறு விஷயம்.

“ஏன், எனக்கு வசதி இல்லைன்னு நினைச்சீங்களா?”

“வசதியைப் பத்தி யார் பேசினா? அஞ்சு வருஷத்துல உங்க பின் சீட்டுல ஒருத்தரும் உட்காரலையே சார். முன்னாடி பக்கத்து சீட்டுலயும் பைதான் உட்கார்ந்திருக்கு.”

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். யாராவது உட்கார்ந்திருப்பார்களே என்று மனதுக்குள் தேடினேன். ஒரு மெக்கானிக் அகப்பட்டார், அவரும் வண்டியை ஓட்டிப் பார்க்க முன்னால்தான் உட்கார்ந்தார். உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன். இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

பகல் முழுக்க வாய் ஓயாத மனிதர். வண்டியைச் சுற்றி மூன்று முறை நடப்பார், நடக்க நடக்க வண்டிக்காரரிடம் பேச்சு. காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்திருப்பார், கீறல் விழாமல் இருக்க. அது ஒட்டாத இடத்தில் நசுங்கலை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். “இங்க இடிச்சிருக்கீங்க, ஆனா மெதுவாத்தான் இடிச்சிருக்கீங்க,” என்று ஆறுதலும் அவரே சொல்வார். மதியம் டப்பாவில் நாலு துண்டு ரொட்டி, யாருடைய வண்டி முன்னாலோ நின்றபடி. வேலை முடிந்ததும் வாயும் முடிந்துவிடும். “வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை வராது சார். பேசிப் பேசித் தாடை வலிக்கும்,” என்றார் ஒருநாள். அதைப் பெரிய குறையாக அவர் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். மாடியில் இரண்டு அறை. டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சமையலறை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக, மனைவியின் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். ‘உப்பு’ என்று எழுதியதில் சர்க்கரை இருக்கிறது, ‘சர்க்கரை’யில் காபித்தூள், ‘காபி’யில் பொத்தான்களும் நூல்கண்டும். எது காலியோ அதில் எதையாவது கொட்டி வைக்கிறார். பெயரை மாற்றி ஒட்டலாமே என்றேன். “அவ வந்து பார்த்துக்குவா,” என்றார்.

அவர் மனைவி வந்து பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். நாலு மணி நேர தூரத்தில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று போன அந்த அம்மா திரும்பி வரவில்லை, மூன்று வருடம் ஆகப் போகிறது. முதலில் குழந்தை சின்னது என்றார். பிறகு மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்றார். கடைசியாக முதுகு. “நம்ம சின்ன வண்டியில நாலு மணி நேரம் என்னால உட்கார முடியாதுங்க. முதுகு விட்டுப்போகுது,” என்று போனில் சொன்னாராம்.

முதல் இரண்டு காரணங்களையும் கேட்டபோது இடிந்துபோய் உட்கார்ந்திருந்த மூக்கண்ணன், இதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். முதுகு என்றால் சீட்டு. சீட்டு என்றால் அவர் துறை. ஒரு வாரம் ஷோரூமில் அளவு நாடாவோடு பெரிய செடானின் பின் சீட்டை அளந்தார். சாய்மானம் எத்தனை, தொடைக்கு அடியில் ஆதரவு எத்தனை, குழியில் இறங்கினால் குலுக்கல் எத்தனை. ஊழியர்கள் அந்த வண்டியை எடுத்துக்கொள்ள ஒரு சலுகைத் திட்டம் இருந்தது, மாதக் கடைசி வரைக்கும். படிவத்தை நிரப்பிக் கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்தார்.

“அவ ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும் சார். வலிக்கலைன்னா வந்துடுவா. வந்துட்டா, அன்னிக்கே கையெழுத்து.”

ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் செடான் ஊரைத் தாண்ட வேண்டுமானால் கூடவே வாங்கப் போகிறவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. என்னிடம் வந்து நின்றார்.

“உங்க பேர்ல டெஸ்ட் டிரைவ்னு எழுதிக்கட்டுமா?”

“நான்தான் மாறவே மாட்டேன்னு எழுதிட்டீங்களே.”

காதைச் சொறிந்தார். “நேத்து திருத்திட்டேன். ‘பார்க்கலாம்’னு.”

இருபத்தாறு வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். எனக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வெட்டி முறிக்கிற வேலை ஒன்றும் இல்லை. கிளம்பினேன்.

அவருக்குப் புதுச் சட்டை, மழித்த முகம். என் பையைப் பின் சீட்டில் வைக்கப் போனேன், வாங்கி டிக்கியில் வைத்தார். வழியெல்லாம் வேகத்தடைக்கு வேகத்தடை மெதுவாக இறக்கி, “பின்னாடி தெரியவே தெரியாது பாருங்க,” என்றார். பின்னால் யாருமில்லை. ஆமாம், தெரியவில்லை என்றேன்.

மகள் வீடு முதல் மாடியில். படியேறும்போதே மேலே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. மூக்கண்ணன் பாதிப் படியில் நின்றுவிட்டார். “அவதான்,” என்றார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆனவர் போல இருந்தது முகம். கதவு திறந்ததும் சிரிப்பு நின்றது. தோளில் குழந்தையின் துண்டோடு உயரமாக ஒரு அம்மா. “வாங்க,” என்றார் இருவருக்கும் பொதுவாக. மகள் “அப்பா, இளைச்சிட்டீங்களே,” என்றாள். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வண்டியில் ஒரு சுற்று உட்கார்ந்து பார் என்று மூக்கண்ணன் கூப்பிட்டதும் அந்த அம்மா மறுக்காமல் கீழே இறங்கி வந்தார். மூக்கண்ணன் பின் கதவைத் திறந்து பிடித்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். வண்டியை எடுப்பதற்கு முன் திரும்பி, கால் தாங்கி எங்கே, ஜன்னல் திரை எப்படி, சாய்வுக்கு எந்தப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பின் சீட்டின் நடுவிலிருந்து கைத்தாங்கியை இறக்கிக் காட்டினார். “அதுமேல கையை வச்சுக்கோ.” அந்த அம்மா வைத்துக்கொண்டார். புது இடத்துக்கு வந்த விருந்தாளி போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

குடியிருப்பைச் சுற்றி, கடைத்தெரு வழியாக, நெடுஞ்சாலை முனை வரைக்கும் வந்தோம். அங்கே வண்டியை ஓரம் கட்டினார். எங்கள் ஊருக்குப் போகும் அம்புக்குறி பலகை நேர் எதிரே இருந்தது.

“இப்படியே திரும்பினா நாலு மணி நேரம்,” என்றார் சாலையைப் பார்த்தபடி.

“குழந்தை எந்திரிக்கிற நேரமாச்சுங்க.”

வண்டியை வந்த வழிக்கே ஒடித்தார். மகள் வீட்டுக்கே திரும்பினோம்.

வாசலில் அந்த அம்மா இறங்கியதும் அவரும் இறங்கினார். நான் உள்ளேயே இருந்தேன். கண்ணாடி இறங்கியிருந்தது. ஏற்றினால் அதுவே ஒரு பேச்சாகிவிடும் என்று சும்மா இருந்தேன்.

“முதுகு வலிச்சுதா?”

“இல்ல. ரொம்ப சௌகரியமா இருந்துச்சு.”

“அப்ப?”

அந்த அம்மா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். “முதுகு சரியாகி ரொம்ப நாளாச்சுங்க. அந்த வீட்ல எனக்குப் பேச ஆள் இல்ல. நீங்க வேலைக்குப் போனப்பவும் இல்ல, வந்தப்புறமும் இல்ல. அதைச் சொன்னா உங்களுக்கு என்னன்னு விளங்கும்? முதுகுன்னா விளங்கும்னு சொன்னேன்.”

“நான் பேசறதில்லையா?”

“வண்டிக்காரங்ககிட்டப் பேசுவீங்க.”

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். எனக்கு மூக்கண்ணனுக்காக வருத்தமாக இருந்தது. அந்த மாடி அறையில் அத்தனை வருடம் சத்தமில்லாத டிவியோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்காக அதைவிட வருத்தமாக இருந்தது.

“மேல வாங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போகலாம்.”

“இல்ல, வண்டியைக் கொண்டு போய் விடணும்,” என்றார் மூக்கண்ணன். நாளைக் காலை வரை வண்டி எங்களுடையது. அவர் சொன்ன இரண்டாவது பொய்.

அந்த அம்மா படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகிற சத்தமும், அதைச் சமாதானம் செய்கிற குரலும் கேட்டன. அது ஓயும் வரைக்கும் மூக்கண்ணன் வாசலிலேயே நின்றார். பிறகு என் பக்கம் வந்து சாவியை நீட்டினார்.

“நீங்க ஓட்டுங்க சார். டெஸ்ட் டிரைவ் உங்க பேர்லதானே இருக்கு.”

நான் மாறி உட்கார்ந்தேன். முன்னால் வந்து உட்காருவார் என்று அந்தக் கதவின் பூட்டை எடுத்துவிட்டேன். அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பின் கதவைத் திறந்தார், மனைவி உட்கார்ந்த பக்கம் அல்ல, அதற்கு அடுத்த பக்கம். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் இறங்கியிருந்த கைத்தாங்கியை மெல்லத் தூக்கி, சீட்டோடு சேர்த்து மடக்கினார்.