மதிய மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் அடி வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வாயால்தான் சொல்லித்தருவார் என்று நம்பி வருகிறவனுக்கு முதல் நாளே தெளிந்துவிடும். மடியில் ஒரு மர ஸ்கேல் வைத்திருப்பார். கியரைத் தப்பாகப் போட்டால் விரல் முட்டியில் ஒன்று, கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் இன்னொன்று. அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. மாணவன் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, வண்டி யாருடையது என்று காட்டுவதற்காக, அதை ஒரு மிதி மிதிப்பார். ஓட்டுகிறவன் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடிக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவரைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. மாஸ்டரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்து போனை எடுப்பது, யாருக்கு எந்த நேரம் என்று பதிந்துவைப்பது, அழுதுகொண்டே இறங்கும் பெண்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. ஊருக்கே ஓட்டக் கற்றுத்தந்த மனுஷன் அவளுக்கு மட்டும் கற்றுத்தரவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டுப்பார்த்தாள்.

"கத்துக்கிட்டு நீ எங்க போகப் போற?" என்றார்.

அவள் போக வேண்டிய இடம் ஒன்று பல வருஷம் கழித்துத்தான் உண்டானது. மகள் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். மாஸ்டரிடம் படித்தவர்களிலேயே கடைந்தெடுத்த மக்கு அவன். கிளட்சை விடச் சொன்னால் ஸ்டியரிங்கை விடுகிற ரகம். "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசலில் நின்று சொன்னார் மாஸ்டர். மகள் மட்டும் சளைத்தவளா, அதே ரத்தம்தானே. "அந்த ஆளு நிழல் என் வீட்டு வாசல்ல விழக் கூடாது" என்று சொல்லியனுப்பினாள். இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை என்று குடித்தனம். பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. மாஸ்டரம்மா செருப்பை மாட்டினாள். "வாசலைத் தாண்டினா காலை ஒடைச்சிடுவேன்" என்றார் அவர். சொன்னால் செய்கிறவர் என்பது அவளுக்கு உடம்பால் தெரியும். செருப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் நின்றுபோனது அவர் கால்தான்.

பேத்தி பிறப்பதற்கு முன்பே, வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போதே எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. பிறகு நடை குறுகியது. ஒருநாள் மாணவன் ஒருவன் விளக்குக் கம்பத்தைப் பார்த்து ஓட்டினான். மாஸ்டர் பிரேக்கை மிதிக்க நினைத்தார். நினைப்புக்கும் காலுக்கும் நடுவில் எங்கேயோ வேலை நின்றுபோயிற்று. வண்டி கம்பத்தில் போய் முட்டியது. அதோடு ஸ்கூலை மூடினார்கள். பயத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்வோம். மாஸ்டருக்கு எந்தப் பயமும் இல்லாமலே அப்படி ஆகிவிட்டது.

நரம்பு டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. பார்க்கின்சன் என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டு விளக்கினார்.

"மூளைக்கு அடியில முடிச்சு முடிச்சா சில பகுதி இருக்கு சார். எந்த அசைவை விடணும், எதைப் பிடிச்சு வைக்கணும்னு முடிவு பண்றது அதுதான். அதுக்கு டோபமின்னு ஒரு ரசாயனம் வந்து சேரணும். அதைச் சுரக்கிற செல்லுல பாதிக்கு மேல உங்களுக்குச் செத்துப்போச்சு. டோபமின் இருந்தா பிரேக்கை விடும், இல்லைன்னா மிதிச்சபடியே இருக்கும். வண்டி விஷயம், உங்களுக்குத் தெரியாததா."

"மிதிக்கிறது யார் கால்?" என்று கேட்டார் மாஸ்டர்.

டாக்டர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் அதற்குள்ளேயே சிரிப்பை மறக்கத் தொடங்கியிருந்தது. முகத்தில் இருக்கும் தசையும் அதே டோபமினைத்தான் நம்பியிருக்கிறதாம்.

டாக்டர் மாஸ்டரம்மாவின் பக்கம் திரும்பினார். "இந்த மாத்திரை உள்ள போய் டோபமினா மாறும்மா. ஆனா வெறும் வயித்துலதான் குடுக்கணும். பாலு, பருப்பு, முட்டை எதுவும் அந்த நேரத்துல வேண்டாம். அதுல இருக்கிற சத்தும் இந்த மருந்தும் மூளைக்குள்ள போறதுக்கு ஒரே வாசல்தான். அது முந்திக்கிச்சுன்னா மருந்து வெளியில நிக்கும்."

அவள் தலையாட்டினாள். சில வாரம் சொன்னது சொன்னபடி செய்தாள். மாத்திரை வேலை செய்தது. கால் வந்தது, கை வந்தது, கூடவே வாயும் வந்தது. குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாப்பாடு ஆறிப்போயிருந்தால் தட்டு சுவருக்குப் போயிற்று. அவள் மருந்து கொடுத்து எழுப்பிவிட்ட கை அவள் மேலேயே விழுந்தது. இதைவிடக் கேவலமான வேலையை ஒருத்திக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது.

ஒரு மதியம் அவசரத்தில் மறந்துபோய் மாத்திரையோடு பாலைக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறுகிப்போனார். அவள் பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தேய்த்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் கண் மட்டும் அவளோடு திரும்பியது. வீட்டில் சத்தமே இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு குழாய் சொட்டுவது அவள் காதில் விழுந்தது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் மறதி எதுவும் இல்லை. பாலில் இரண்டு கரண்டி பால் மாவும் கலந்தாள்.

இதைப் படித்துவிட்டு "அடிப்பாவி" என்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் பாவிதான். ஆனால் பாலைக் குடிக்கவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு நடந்து, டயர் கடைச் சந்துக்குள் நுழைந்து பேத்தியை அவள் முதன்முதலாகத் தூக்கியது அன்றைக்குத்தான். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. மகள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கதை பேசினாள். மாஸ்டர் இல்லாத வீடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு மதியத்தையும் அவள் விடவில்லை.

போக மட்டும்தான் அதைச் செய்தாள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. கிளம்புவதற்கு முன் அவர் எதிரில் நின்று பேசுவாள். கல்யாணத்தன்று அவர் சொன்ன ஒரு வார்த்தை, பிரசவ வலியில் அவர் கேட்ட ஒரு கேள்வி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பாள். அவருக்கு மூளை மழுங்கவில்லை, காது சரியாகத்தான் இருந்தது. பதில் சொல்ல மட்டும் வாய் வராது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டக் கை எழாது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவைச் சாத்துவாள்.

மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டினார். மதியம் பால் அதையும் விழுங்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் போகிற மாத்திரையோ முழு வேகத்தோடு ஏறியது. கழுத்து நெளிந்தது, தோள் குலுங்கியது, கால் தானாகச் சுழன்றது. அவர் வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுக்காரர் "மாஸ்டர் காலையிலேயே ஊத்திக்கிட்டாரா?" என்று அவளிடம் கேட்டார். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

"பாலு கீலு சேர்த்துக் குடுக்கலையே அம்மா?"

"இல்ல டாக்டர். நீங்க சொன்னபடிதான்."

மாஸ்டர் பக்கத்திலேயே இறுகி உட்கார்ந்திருந்தார். கண் அவள் மேல் இருந்தது. இமைகூட அசையவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் டம்ளரை அவர் வாயில் வைத்துச் சாய்த்தாள். பாதி வழிந்து சட்டையில் போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிக் கொடுத்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், மாத்திரையை அவர் நாக்கில் வைக்கிற நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, பாப்பா நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டுத் தானா நிக்கிறா. ஓடி வா." மாஸ்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாலை ஸ்டூலில் வைத்த கையோடு கிளம்பிவிட்டாள். போன் பேச்சு மாஸ்டர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

மகள் வீட்டில் குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையை விட்டது, மறுபடி பிடித்தது. அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசல் வெளிச்சம் மறைந்தது.

மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பால் போகாத மாத்திரை அவரை இரண்டு தெரு நடத்திக் கூட்டிவந்துவிட்டது. வாசல் நிலை குறுகல். அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் உண்டு. நல்ல தெருவில் போகிற கால், குறுகலான வாசலைக் கண்டதும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாய்ந்திருக்க, பாதம் நின்ற இடத்திலேயே துடித்தது.

மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன்னை விரட்டியபோது பார்த்த முகத்தைத்தான் அவள் தேடியிருப்பாள். எதிரில் இருந்ததும் கல் மாதிரி ஒரு முகம்தான். கண் கொட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது.

மாஸ்டரம்மா வேறொன்றைப் பார்த்தாள். அவர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். அந்தக் கையால். தாடையில் வெட்டுப்பட்டு ரத்தம் காய்ந்திருந்தது. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். செருப்பை வெளியே கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தார். சண்டைக்கு வருகிறவன் எவனும் இப்படி வருவதில்லை.

அவர் உதடு அசைந்தது. குரல் தேய்ந்துபோய், சில மாதமாகவே அவர் பேச்சு அவளைத் தவிர யாருக்கும் புரிவதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒரே ஒரு தடவ தூக்கிக்கிறேன்னு சொல்லு."

மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள். கோபமும் இருந்தது, வேறு ஏதோ ஒரு ஆசையும் இருந்தது. "என்னம்மா சொல்றாரு?" என்றாள்.

மாஸ்டரம்மாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. இதைச் சொன்னால் மகள் உருகிவிடுவாள். வெளியில் முறைத்தாலும் உள்ளே அவள் அப்பா பிள்ளை. அப்புறம் இந்த நாற்காலியில் அவர் உட்காருவார். குழந்தை அவர் மடிக்குப் போகும். மாத்திரை பிடித்த நேரத்தில் இந்தச் சுவரிலும் தட்டு வந்து மோதும். மாஸ்டர் இல்லாத வீடு என்று உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"என்னத்தச் சொல்லுவாரு," என்றாள். "உன்னத்தான் திட்டுறாரு. பாப்பாவையும் சேர்த்து."

மாஸ்டரின் உதடு மறுபடி அசைந்தது, இந்த முறை வேகமாக. மகள் காத்திருக்கவில்லை. "இவரக் கூட்டிக்கிட்டுப் போம்மா. இனிமே இங்க பார்த்தேன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவளும் அழுவது கேட்டது.

மாஸ்டரம்மா வெளியே வந்தாள். செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டாள். ஒட்டிக்கொண்ட காலை எடுக்க ஒரு வழியை ஆஸ்பத்திரி நர்ஸ் காட்டியிருந்தாள். முன்னால் யாராவது பாதத்தைக் குறுக்கே வைத்தால், அதைத் தாண்டுவதற்கு அந்தக் கால் எழுந்துவிடும். இத்தனை நேரமும் வீட்டுக்குள்ளிருந்து அதை அவள் செய்திருக்கலாம். இப்போது தெருப் பக்கம் அவரைத் திருப்பி நிறுத்தி, தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாள். அவர் தாண்டினார்.

டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் மெதுவாகச் சந்திலிருந்து வெளியே வந்தார்கள். தெரு முனையில் அவர் நின்றார். ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் திட்டலையே."

"தெரியும்," என்றாள். "வாங்க, காலை எடுத்து வைங்க."