சுங்க வீட்டு யன்னல் கேட்ட கேள்வி

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போகிற ஆள் நான், முருகனைத் தவிர வேறொன்றுக்கும் பயந்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மருட் அடுக்குமாடியில் இருந்த நாங்கள் ஒஸ்லோ ஓரத்தில் ஒரு பழைய மரவீட்டை வாங்கினோம். குதிரை வண்டிக் காலத்தில் வீதியால் போகிற வண்டிகளிடம் வரி வாங்கிய சுங்க வீடு. படி இறங்கினால் வீதி. வீதியின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று முன்சுவர் மூன்று முகமாகப் புடைத்து நிற்கும். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும் நுழையக்கூடிய சின்ன யன்னல், பலகை அடித்து மூடிக் கிடந்தது. சுங்கக்காரன் அதற்குள்ளிருந்து "எங்கே போகிறாய்?" என்று கேட்பானாம், பதில் சொல்லாமல் ஒரு வண்டியும் தாண்டாதாம். பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் சொன்னார். நான் சிரித்தேன். புறப்படுகிற ஆளை நாங்கள் அப்படிக் கேட்கவே மாட்டோமே, போகிற காரியம் கெட்டுவிடும்.

பலகையைக் கழற்றிப் பார்த்தால் சுவர்த் தடிப்பில் மாடம் போல இருந்தது. முருகன் படத்தை அதில் வைத்தேன். அந்த யன்னலைத் திறந்ததுதான் நான் விட்ட பிழை.

என் மனைவி பவானியின் தம்பி வசந்தன் எங்களோடுதான் இருந்தான். அவனுடைய அகதிக் கேஸ் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டிருந்தது, ஊரிலோ சண்டை உச்சத்தில். மாதம் ஒருமுறை பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் சோபாவில் கிடக்கிறான் என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"எப்பதான் போகப்போறாய்?"

பவானி கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

அடுத்த நாள் காலை அவன் கையெழுத்து வைக்கப் புறப்பட்டான். நான் பின்பக்கக் குளியலறையில், வாயில் பிரஷ்ஷோடு நின்றேன். முருகன் மேல் ஆணை, நான் வாய் திறக்கவில்லை. ஆனால் முன்பக்கமிருந்து என் குரல் எனக்கே கேட்டது.

"எங்கை போறாய்?"

வசந்தன் சிரித்தான். "ஊருக்குத்தான் அத்தான்! இப்ப சந்தோசமோ?"

அன்றே அவனைப் பிடித்து வைத்து, மறுநாள் விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கி ஒரு தரம் போன் எடுத்தான். "அக்கா, அத்தான் கேட்டவர், நானும் என்ரை வாயாலை சொல்லிப்போட்டன்." அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"போறவனைப் பின்னாலை கேட்டு அனுப்பினது நீங்கள்தானே?" என்றாள் பவானி.

"நான் இல்லையப்பா."

"உங்கடை குரல் எனக்குத் தெரியாதோ?"

எனக்கும் அது என் குரல்தானே.

படத்தை எடுத்து, பலகையைத் திரும்ப அடித்து, விபூதி பூசினேன். ஒரு வருடம் சத்தமில்லை. பிறகு ஒரு காலை நான் வேலைக்குப் புறப்பட, பலகைக்குள்ளிருந்து வசந்தனின் குரல். "அத்தான், எங்கை போறியள்?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பின்கதவால்தான் போய் வருகிறேன். வீட்டை விற்போம் என்றால் பவானி கேட்கமாட்டாள். கடையில் வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்கதவால் இறங்குவாள், திரும்பி வருவாள், மறுபடி இறங்குவாள், ஒரு காலையில் நாலு தரம். ஒவ்வொரு தரமும் அந்த யன்னலடியில் நின்று பதில் சொல்கிறாள்.

"உன்னட்டைத்தானடா தம்பி."

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். முக்கியமாக, நான் வாய் திறக்கவில்லை என்ற இடத்தை.