படியேற முடியாத ராக்கி

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாள் காலையில், மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் ராக்கியின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துப்போயிருந்தது. முந்தைய மாதம் பார்த்தபோது நல்ல ரோஜா நிறத்தில் இருந்த ஈறு அது. ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஆபரேஷன் இல்ல. ரத்தம் எடுக்கணும்" என்றேன்.

நாயைக் கொண்டுவந்தவர் அழகப்பன். பினாங்கின் பத்து காவான் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். இதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இன்னும் எத்தன நாளைக்கு டாக்டர் இப்படி? எழுந்திரிக்க முடியாம முனகுது. அம்மா பக்கத்துலயே உக்காந்து தடவிக்கிட்டு இருக்காங்க. அடுத்த தடவையும் முடியலன்னா தூங்க வச்சிடுங்க லா. என்னால பாக்க முடியல."

தூங்க வைப்பது என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். இடுப்பைத் தவிர உடம்பில் ஒரு குறையும் கிடையாது. அப்படிப்பட்ட நாயைக் கொல்ல எனக்கு மனசில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஹிப் டிஸ்பிளேசியா என்றால் தொடை எலும்பின் பந்து, இடுப்பின் கிண்ணத்தில் சரியாக உட்காராமல் ஆடுவது. ஆடி ஆடித் தேயும். தேய்ந்த இடத்தில் வலி நிரந்தரமாகக் குடியேறிவிடும். ராக்கியின் எக்ஸ்ரேயில் கிண்ணம் தட்டையாகிவிட்டிருந்தது. வலி மாத்திரை பழகிப்போய், பந்தை அறுத்து எடுப்பதுதான் வழி என்ற கட்டத்துக்கு வந்திருந்தோம். அதற்கு முன்னால் நான் கேட்டது இரண்டே விஷயம். எடை குறைய வேண்டும். படி ஏறக் கூடாது.

இரண்டாவதற்கு அவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனால்தான் ஏறவே முடியாதே! எங்கள் கிளினிக்கில் எடை பார்க்கும் பலகை மிதியடி உயரம்தான் இருக்கும். அவித்த கோழியைக் காட்டிக் கூப்பிட்டாலும் ராக்கி அதன் மேல் கால் வைக்க மாட்டான். நாங்கள்தான் தூக்கி வைப்போம். "இவனால ஒரு படி கூட ஏற முடியாது" என்று என் வாயாலேயே அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

முதலாவதுதான் நடக்கவில்லை. அளந்து போடும் தீனி மட்டுமே தின்னும் நாய், மாதா மாதம் கனத்துக்கொண்டே போனது. நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. என் மேஜையில் சத்தியம் செய்துவிட்டு, போகிற வழியிலேயே ரொட்டி சானாய் வாங்கிப் பிய்த்துப் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அழகப்பனின் அம்மா மீனாட்சி ஆச்சி அந்த ரகமில்லை. அந்த அம்மா கிராம் கணக்கில் தீனி போடுகிறவர்.

ரத்தத்தை நானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன மொட்டுகள். வெங்காயமோ பூண்டோ நாளுக்கு நாள் உள்ளே போனால் நாயின் ரத்தம் இப்படித்தான் உடையும். அழகப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெங்காயமா? சான்ஸே இல்ல டாக்டர். கிச்சன்ல கீழ விழுந்தாக்கூட அம்மா உடனே எடுத்துடுவாங்க."

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். ராக்கியின் நெற்றியில், இரண்டு கண்களுக்கும் நடுவே, விபூதி.

"இதக் கூட ஆச்சிதான் பூசினாங்களா?"

அழகப்பன் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இல்லையே. அப்பாதான் பூசுவாரு. சாப்பிட்டு முடிச்சதும் அவருக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு." கொஞ்சம் தயங்கி, "அப்பா போன வருஷமே போயிட்டாரே டாக்டர்" என்றார்.

எனக்கு அது தெரியும். ராக்கியைக் குட்டியாகக் கூடையில் வைத்து என்னிடம் முதலில் கொண்டுவந்தவரே அவர்தான்.

அஞ்சடியில் காத்திருந்தவர்கள்

மூட்டு வலி நாய்களுக்கு நான் எப்போதும் வீட்டைப் போய்ப் பார்ப்பேன். தரை வழுக்குகிறதா, படுக்கை எங்கே, வாசலில் எத்தனை உயரம் என்று பார்க்காமல் மருந்து எழுதினால் பாதி வீண். அந்த வாரச் சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், சமையல் முடியும் நேரமாகப் பார்த்துப் போனேன். வெங்காயம் போடுகிற கையைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் என் திட்டம்.

லெபோ பினாங் என்ற தெருவுக்குப் பக்கத்தில், கீழே கடையும் மேலே மாடியுமாகக் கட்டிய பழைய கடைவீடு. வட்டிக்கடை நடந்த காலத்துப் பெயர்ப்பலகை இன்னும் வாசலுக்கு மேல் இருக்கிறது. உச்சி வெயில். தெருவில் டூரிஸ்ட் கூட்டம், பாட்டுக் கடைச் சத்தம். ஆனால் அந்த வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அஞ்சடியில், அதாவது கடைவீட்டுக்கு முன்னால் கூரை போட்ட அந்த நடைபாதையில், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஆச்சியும் அழகப்பனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க டாக்டரம்மா. பசியாறிட்டீங்களா?" என்றார் ஆச்சி. பினாங்கில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி.

"ஆச்சு ஆச்சி. ராக்கிய பாக்க வந்தேன்."

"கொஞ்ச நேரம் இங்கயே உக்காருங்க. உள்ள அவர் சாப்பிடுறாரு."

நான் அழகப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

மெல்லிய குரலில் அவர்தான் விளக்கினார். அப்பா போன பிறகு வந்த முதல் அமாவாசைக்கு, மாடியில் அவர் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவதுதான் வழக்கம்; போனவர் தனியாகச் சாப்பிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். எல்லார் வீட்டிலும் படையல் வைத்தபடியே இருக்கும். இந்த வீட்டில் இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அன்றிலிருந்து ஆச்சி அமாவாசை வரை காத்திருக்கவில்லை. தினமும் மதியம் இலை போட ஆரம்பித்துவிட்டார். வெங்காயக் குழம்பு, பூண்டு ரசம், அவருக்குப் பிடித்ததெல்லாம்.

"தினமும் சாப்பிடுறாரா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"சத்தத்த நீங்களே கேளுங்க" என்றார் ஆச்சி.

கேட்டது. சாத்திய கதவுக்குள்ளே, மேலே, மரப்பலகைத் தரையில். டக். அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம். டக். மறுபடி இழுவை. பெரியவருக்குக் கடைசிக் காலத்தில் இடுப்பு போய்விட்டது. தடியை ஊன்றி ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். அவர் கிளினிக்குக்குள் வரும்போது தலையைத் தூக்காமலேயே எனக்குத் தெரியும். அதே நடை. பட்டப்பகலில், பக்கத்தில் யாரோ செண்டோல் வாங்கிக் குடித்துக்கொண்டு நிற்க, என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. பயந்துவிட்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த நிமிடம் என் காது விழித்துக்கொண்டது. நொண்டுகிற நாய்களின் நடையைக் கேட்டே ஆயுளைக் கழித்த காது. அந்த டக் ஒரு தடியின் சத்தம் இல்லை. முன்கால் இரண்டும் அடுத்தடுத்து விழுகின்றன. பின்னால் இரண்டு காலும் சேர்ந்தாற்போல் முயல் மாதிரி தாவி, நகம் பலகையில் இழுபடுகிறது.

"ஆச்சி, கதவைத் தெறங்க. அது ராக்கி!"

"அவர் சாப்பிடட்டும்" என்றார் ஆச்சி. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வயதிலும் நல்ல பிடி. ஆச்சி எழுந்து கதவைத் தட்டும் வரை நானும் காத்திருந்தேன்.

உள்ளே போனபோது ராக்கி சமையலறைத் தரையில், மாடிப்படியின் அடியில் கிடந்தான். விலா ஏறி ஏறி இறங்கியது, பின்தொடை நடுங்கியது. வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பூண்டு ரசம். நெற்றியில் புது விபூதி. இலைக்குப் பக்கத்தில் இருந்த விபூதித் தட்டில், குனிந்து தின்னும்போது தலை இடித்திருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். வெங்காயம் ரத்தத்தை உடைக்கிறது, தினமும் ஏறி இறங்குவது இடுப்பை உடைக்கிறது, இப்படியே போனால் ஆபரேஷனும் கிடையாது, நாயும் கிடையாது. அழகப்பன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப இவ்வளவு நாளா... அம்மா, அது அப்பா இல்ல."

ஆச்சி அழுவார் என்று நினைத்தேன். என்னை நேராகப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இவனால ஒரு படி கூட ஏற முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"கோழி காமிச்சாலும் அந்தப் பலக மேல ஏற மாட்டான்ல?"

"ஆமா."

"அப்ப யாரு கூப்பிட்டு இவன் மாடிக்கு ஏறுறான்?"

"சாப்பாட்டு வாசன ஆச்சி" என்றேன்.

"அடுப்பு இங்க இருக்கு. சட்டியெல்லாம் இங்க இருக்கு. வாசன கீழதானே அதிகம்?"

படிகளை நிமிர்ந்து பார்த்தேன். செங்குத்தான பழைய மரப்படி. கால் வைத்தால் ஒவ்வொன்றும் கத்தும். எக்ஸ்ரேயில் நான் பார்த்த அந்த இடுப்பை வைத்துக்கொண்டு இதில் ஏறுவது நடக்காத காரியம். ஆனால் தினமும் நடந்திருக்கிறது.

ஆச்சி படியின் அடியில் போய் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேல்மாடியைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலிலேயே பேசினார்.

"கேட்டுச்சா? புள்ளைக்கு இடுப்பு போச்சு. உங்களுக்கு வந்த அதே வலி. இனிமே அவனக் கூப்பிடாதீங்க. நாளையிலேருந்து இலை இங்கதான். நீங்கதான் கீழ எறங்கி வரணும். வெங்காயமும் கெடையாது, பூண்டும் கெடையாது."

மேலே ஒரு பலகை முனகியது. பழைய வீடு, முனகத்தான் செய்யும். ஆனால் அதைக் கேட்டு ராக்கியின் வால் இரண்டு தடவை தரையைத் தட்டியது.

கீழே போட்ட இலை

இலை கீழே வந்தது. ஆச்சி சொன்ன வாக்குப்படி வெங்காயமும் பூண்டும் நின்றன. படைத்த சோற்றில் ராக்கிக்கு ஒரே ஒரு கவளம், அதையும் அவனுடைய அன்றைய தீனியிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஈறு மெல்ல மெல்லச் சிவந்தது. எடை இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷனைச் செய்தேன், பந்தை அறுத்து எடுத்தேன். அழகப்பன் அதற்குப் பிறகு தூங்க வைக்கிற பேச்சை எடுக்கவே இல்லை. கிளினிக்கில் ராக்கி முதல் தடவை நாலு காலையும் ஊன்றி நின்றபோது பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

இந்த ஆபரேஷனில் வெட்டுவதை விடப் பிறகு செய்யும் பயிற்சிதான் முக்கியம். காலை மடக்கி நீட்டி, தசையைப் பிடித்துவிட்டு, அந்த மூட்டை மறுபடி நம்ப வைக்க வேண்டும். அதற்காக வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் முடிப்பதற்குள் படையல் நேரமாகிவிட்டது. சமையலறைத் தரையில், படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ராக்கியின் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஆச்சி என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது என்று நானே சொல்லியிருந்தேன் அல்லவா! படிக்கடியில் எனக்கு அப்பால் இலையைப் போட்டார், பரிமாறினார், தண்ணீர் சுற்றினார். நிமிர்ந்து மேலே பார்த்து, "வாங்க" என்றார். பிறகு ஒதுங்கி நின்றார்.

முதலில் என் கைக்குத்தான் தெரிந்தது. தளர்ந்து கிடந்த தொடைத் தசை விரலுக்கடியில் இறுகியது. வலியில் இறுகும் இறுக்கம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. ராக்கி தலையைத் தூக்கி, படியின் உச்சியைப் பார்த்தான். காது இரண்டும் முன்னால் வந்தன. அவன் கண் ஒரு படி இறங்கியது. நின்றது. இன்னொரு படி இறங்கியது. மறுபடி நின்றது. இடுப்பு வலிக்காரன் ஒருவன் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அடுத்த காலை அதே படியில் சேர்த்துவிட்டுப் பிறகு இறங்குவானே, அந்தக் கணக்கில் அவன் பார்வை இறங்கி வந்தது.

சத்தம் ஒன்றும் இல்லை. கால் வைத்தால் கத்துகிற அந்தப் படிகள் அன்று ஒன்றுகூட முனகவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை. நாயின் கண்ணைத்தான் பார்த்தேன். அந்தப் பார்வை கடைசிப் படிவரை வந்து, என் தோளுக்கு நேரே நின்றது. முதுகுப்புறம் சில்லென்றது.

"டாக்டரம்மா" என்றார் ஆச்சி மெதுவாக. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வழியில இருக்கீங்க."

நகர்ந்தேன். ராக்கியின் பார்வை என்னைத் தாண்டி இலைக்குப் போனது. வால் தரையைத் தட்டியது.

ராக்கி இப்போது எஸ்பிளனேடில் கடல்காற்று வாங்கிக்கொண்டு நடக்கிறான். லேசாக நொண்டுவான், வலி இல்லை. அந்த வீட்டு மாடிக்கு அதற்குப் பிறகு அவன் ஏறவே இல்லை என்கிறார் ஆச்சி.

மூட்டு வலி நாய் உங்களிடம் வந்தால் எக்ஸ்ரே எடுங்கள், எடை பாருங்கள், ரத்தம் பாருங்கள். "படி ஏற விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிடாதீர்கள். யாருக்காக ஏறுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்த வீட்டுக்குப் போனால், வழியில் உட்காராதீர்கள்.