பளிச்சக்கா வீட்டுப் பால்கனிக் காற்று

அதிவேகச் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த அம்மாளை யாருக்கும் தெரியாது. பளிச்சக்கா என்றால் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அவர் வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். நாம் தொட்ட கதவுக் கைப்பிடியை, நம் முதுகு மறைவதற்குள் துடைத்துவிடுவார். தூசி என்பதையே, தன்னைப் பற்றி யாரோ கிளப்பிவிட்ட வதந்தியைப் போலத்தான் நடத்தினார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த பால்கனியின் கீழே எந்நேரமும் வண்டிகள் சீறிக்கொண்டிருந்தன. காலையில் துடைத்த கம்பியில் மதியம் விரல் வைத்தால் கறுப்பு அப்பிக்கொள்ளும். ஆயுளுக்கும் தீராத வேலையை அரசாங்கமே வீடு தேடி அனுப்பிக்கொண்டிருந்தது.

அவருடைய கணவர் அதே சாலையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலத்தில் ஒருவனையும் முந்த விட்டதில்லை. இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நடுவழியில் நாற்காலி தேவைப்பட்டது. நெஞ்சுக்குள் எண்ணெய் காணாத கதவைப் போல ஓர் இழுப்பு. காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கச் சொன்னார் மருத்துவர். காற்றோட்டத்துக்கு என்ன பஞ்சம்? பால்கனிக் கதவைத் திறந்தால் சாலையே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாதி வீடுகளில் இதே இழுப்பு. இந்தப் பகுதியில் மட்டுமாவது வண்டிகளின் வேகத்தைக் குறையுங்கள் என்று எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். மேலிடம் உடனே செயலில் இறங்கியது. அதாவது, ஒரு பெட்டியை அனுப்பியது.

காற்றை இழுத்து, அதிலிருக்கும் அழுக்கை உள்ளே ஒரு வெள்ளைத் தாளில் பிடித்து வைக்கும் பெட்டி அது. பளிச்சக்கா வீட்டுப் பால்கனியில் அதைப் பொருத்திய இளைஞருக்கு, குடியிருப்பில் அளவுக்காரத் தம்பி என்று பெயராகிவிட்டது.

"புகையை அளக்கவா தம்பி?"

"புகை மட்டும் இல்லம்மா. டயர் தேயுற தூளும் இருக்கு. வேகம் கூடக் கூட அதிகமா தேயும், காத்துல கலந்துடும்."

கட்டிலிலிருந்து கணவர் தலையைத் தூக்கினார். "நான் எத்தனை டயர் மாத்தியிருப்பேன்! தேஞ்சுபோச்சேன்னு டிப்போல திட்டுவாங்க. தேஞ்சது எங்க போச்சுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல." சொல்லிவிட்டு, அது போன இடத்திலிருந்தே இருமினார்.

"பெட்டியைக் கொஞ்சம் பத்திரமா பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தம்பி கிளம்பினார். யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அரசாங்கத்துப் பொருள். வாயைத் திறந்துகொண்டு வேறு நிற்கிறது. பளிச்சக்கா ஒரு மெல்லிய துணியை நனைத்து அந்த வாயில் கட்டினார். சாயங்காலம் அவிழ்த்து அலசினால் வாளித் தண்ணீர் கறுத்தது. 'பாவம், இத்தனையும் அதுக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்!' தாளை மாற்றத் தம்பி வருகிற நாளில் மட்டும் துணி இருக்காது. வந்தவர் கண்ணில் அழுக்குத் துணி படலாமா?

"இவ்வளவு சுத்தமா எங்கயுமே பெட்டியைப் பாத்ததில்லம்மா" என்று தம்பி மெச்சினார். உள்ளே தாளும் அதே சுத்தத்தில் இருந்தது அவரை உறுத்தவில்லை. படித்தவர், இயந்திரத்தை நம்பினார்.

சில மாதங்கள் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "உங்க பால்கனிக் காத்து மலை உச்சிக் காத்து மாதிரி இருக்காம்மா. வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லன்னு எழுதிட்டாங்க. இன்னும் கொஞ்சம் கூட்டலாமான்னுகூடப் பேச்சு."

பளிச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. "பின்னே? யார் வீடு!"

கணவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, உதடு நீலம் பாரித்தது. பளிச்சக்கா பாய்ந்து நிமிர்த்தி உட்காரவைத்து, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார். போன மூச்சு திரும்பி வர நெடுநேரம் எடுத்தது.

"மலை உச்சில... இப்படித்தான்... இழுக்குமா?" என்றார் கணவர்.

பளிச்சக்கா கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தார். எவ்வளவு அலசியும் வெளுக்காத துணி. எடுத்துவந்து தம்பியின் கையில் போட்டார். "இந்த அழுக்கெல்லாம் உள்ள போயிடக்கூடாதுன்னு, இதைத்தான் தம்பி அது வாயில கட்டி வச்சேன்."

தம்பி துணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அம்மா... அது உள்ள போகணும்னுதானேம்மா பெட்டியே வச்சோம்!"

"சரி, திரும்ப அளங்க."

"அறிக்கை கொடுத்தாச்சேம்மா. கலர்ல அச்சடிச்சுட்டாங்க."

"அப்ப நான் உங்க ஆபீசுக்கு வாளியோட வர்றேன். துணியை அலசி மேஜை மேல கவுக்கறேன். அதுவும் கலர்தான்."

உண்மைக்குப் பயந்தார்களோ வாளிக்குப் பயந்தார்களோ, வாளிக்குத்தான் வாய்ப்பு அதிகம், மறுபடி அளக்க உத்தரவு வந்தது. ஒரே நிபந்தனை: பெட்டியையும் பால்கனியையும் அந்த அம்மா தொடக்கூடாது.

சிறைத் தண்டனை என்றால்கூடச் சிரித்துக்கொண்டே போயிருப்பார். கம்பியில் கறுப்பு ஏற ஏற, கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று கையைப் பிசைந்தார். வேடிக்கை பார்க்கவென்றே எதிர்வீட்டுத் தையற்காரம்மா வந்தார்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா? பால்கனி எங்க வீட்டுது மாதிரியே இருக்கே!"

"ஊர் நன்மைக்காகடி."

"அதுக்காக நான் எத்தனை வருஷமா துடைக்காம இருக்கேன்! எனக்கு ஒருத்தரும் பெட்டி வைக்கலையேக்கா."

இந்த முறை தாள் கறுத்தது. பழைய அறிக்கையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை சாலையில் ஏறியது. வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். கறுப்பு ஒழிந்துவிடவில்லை. முன்பு மதியமே கம்பியில் ஏறியது, இப்போது சாயங்காலம் ஏறியது, அவ்வளவுதான். மருத்துவரும் மருந்தை மாற்றியிருந்தார். எதனால் எவ்வளவு குணம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு மதியம் கணவர் கட்டிலை விட்டு எழுந்தார். நாற்காலியைத் தாண்டினார். உட்காரவில்லை. சமையலறை வாசல்வரை நடந்தே வந்து நின்றார். பளிச்சக்கா கரண்டியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

கணவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன, அடி பிடிக்கிற நாத்தம் வருது? அடுப்பைக் கவனிக்காம என்னை என்ன பார்வை? அப்புறம், அந்த ஜன்னலை ஏன் எப்பவும் சாத்தியே வைக்கிற? நேத்து காபியும் தண்ணியாத்தான் இருந்தது, சொல்லணும்னு நினைச்சேன்..."

ஒரு வாக்கியத்தின் நடுவிலும் மூச்சு வாங்க அவர் நிறுத்தவில்லை. பளிச்சக்கா பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.