டார்ச் அக்காவின் நான்கு கதவுகள்

எலுமிச்சைத் தோலால் கடல் உப்புப் படிந்த பித்தளைக் கதவுக் கைப்பிடியைத் தேய்த்தபடியே, படம் பார்க்க வந்தவரை ஏற இறங்கப் பார்க்கிறார் டார்ச் அக்கா. "கொஞ்சம் நகருங்க. இந்த உப்பு உங்களுக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்து உள்ள வந்துடுச்சு."

கடற்கரைத் திரையரங்கின் இருட்டில் இருக்கை காட்டுவது அவர் வேலை. கட்டடத்தின் வரலாற்றைச் சொல்வது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை; அதற்குச் சம்பளம் இல்லை, அதனால் கண்டிப்பும் இல்லை. வட்டச் சன்னல்கள், கப்பல் தளத்தில் இருப்பது போன்ற கம்பி வேலி, கவிழ்த்த படகாய் வளைந்த மரக்கூரை என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துக் காட்டுவார். கட்டியவர் கப்பல் தொழிலில் நொடித்துப்போனவர் என்பார் ஒருநாள். கடலைக் கண்டாலே நடுங்கியவர் என்பார் மறுநாள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அக்காவின் கணவர்; அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"நேத்து வேற சொன்னியே?"

"நேத்து வந்தவங்க வேற ஆளுங்க."

ஒன்றில் மட்டும் அவர் பேச்சு மாறாது. கடல் பக்கம் நான்கு பெரிய மரக்கதவுகள் உண்டு. இடைவேளை மணி அடித்ததும் அவற்றை விரியத் திறப்பது இந்த அரங்கின் ஆதிநாள் பழக்கம். காற்று உள்ளே வரும், கூட்டம் வெளியே போகும். பாதிப் பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படத்தையே மறந்துவிடுவார்கள். அந்தப் பாதியில் நானும் உண்டு. சில படங்களின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா பின்னால் வந்து முதுகில் டார்ச் அடிப்பார். "உள்ள வாங்க, வில்லன் காத்துட்டிருக்கான். கடல் எங்கயும் போயிடாது."

பழைய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் அரங்கத்துக்கு ஏசி போட முடிவானது. குளிர் தங்க வேண்டுமானால் நான்கு கதவுகளையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அன்றிலிருந்து அக்கா யாருக்கும் வரலாறு சொல்வதில்லை. அவர் பேசாத அரங்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நேற்று இடைவேளையில் சின்ன முதலாளி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இதை அடைச்சா கட்டடத்துக்கே மூச்சு முட்டும், தம்பி" என்றார் அக்கா.

"நீங்கதானேக்கா சொல்வீங்க, கடல் எங்கயும் போயிடாதுன்னு" என்று சிரித்தார் அவர்.

  கொத்தனார் அளவு நாடாவின் நுனியை அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதைக் கதவு நிலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் மறுபக்கம் போய் அளந்து, சுவரில் குறித்தும்விட்டார்.

"போதும்க்கா, விடுங்க."

அக்கா விடவில்லை.